சுற்றுலாத் தாளிலிருந்து சீகிரியாவை வெட்டுங்கள்: நம் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அதிபர்மாருக்கும், வரலாறு படிப்பிக்கிற சேர்மார் டீச்சர்மாருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், வருசா வருசம் சுற்றுலாவுக்கென்று கூடுகிற குழுவினருக்கும், வணக்கம், ஸலாம்.

நான் வான் ஓட்டுகிறவன். பாசிக்குடா ஹோட்டல்களில் வந்து தங்குகிற வெள்ளைக்காரரைப் பொலன்னறுவைக்குக் கொண்டுபோய், அவர்கள் பார்த்து முடிக்குமட்டும் மரநிழலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் என் பிழைப்பு. படிக்கிற வயதில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இந்த மடலை ஒரு தகப்பனாகவும் எழுதுகிறேன், அந்த வாகனத் தரிப்பிடங்களில் வருசக்கணக்காக நின்று நம் ஊர்ப் பஸ்கள் வருவதையும் போவதையும் பார்த்த ஆளாகவும் எழுதுகிறேன்.

விசயம் இதுதான். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற சுற்றுலாத் தாளை எடுத்துப் பாருங்கள். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பாடு. தம்புள்ளை. சீகிரியா. ஹபரணை. பொலன்னறுவை. வரும் வழியில் பாசிக்குடாவில் குளிப்பு. இரவு வீடு. இவ்வளவும் ஒரே நாளில். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் ஊர்களின் வரிசை கொஞ்சம் மாறும், மற்றப்படி ஒரே தாளைத்தான் எல்லாரும் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கிறார்களோ என்று தோன்றும். காசு கட்டுகிற பெற்றோருக்கும் இடங்களின் எண்ணிக்கை கூடினால்தான் கொடுத்த காசுக்குப் பெறுமதி என்ற நினைப்பு. குழுவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, "அஞ்சு இடம்தானா? மற்றப் பள்ளிக்கூடம் ஏழு இடம் போகுது" என்று கூட்டத்தில் எழும்பிக் கேட்பது நாங்கள்தானே.

சரி, கணக்கைப் பார்ப்போம். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கல்முனைப் பிள்ளைகளுக்கு அதோடு இன்னும் 40, அக்கரைப்பற்றுக்காரருக்கு அதற்கும் மேல். பொலன்னறுவையைத் தாண்டித் தம்புள்ளை போக இன்னொரு 65 கிலோமீட்டர் போல. சீகிரியாவில் ஏறி இறங்க மட்டும், முன்னாலும் பின்னாலும் நாலு பள்ளிக்கூடம் நின்றால், இரண்டு மூன்று மணித்தியாலம் போய்விடும். ஏறி இறங்கிய பிள்ளைக்குக் கால் வலி, பசி, தூக்கம். அந்தப் பிள்ளையைப் பின்னேரம் நாலு நாலரைக்குப் பொலன்னறுவையில் இறக்கி, "அரை மணித்தியாலம்தான், ஓடிப் பார்த்துட்டு வாங்க" என்றால் என்னத்தைப் பார்க்கும்? நான் கண்டது, கல் விகாரை வாசலில் ஐஸ்கிறீம் வாங்குகிற வரிசைதான் மற்ற எல்லா வரிசையையும் விட நீளம். பிள்ளைகள் மேல் பிழை இல்லை. களைத்துப்போன பிள்ளைக்கு அங்கே கல்லில் செதுக்கிய 14 மீற்றர் புத்தரை விட ஒரு ஐஸ்கிறீம் பெரிதுதான்.

அதே நேரம் என் வானில் வந்த இரண்டு கிழடுகள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், காலையிலிருந்து குடையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் ஆளுக்கு டொலர் கணக்கில் நுழைவுச் சீட்டு எடுத்து ஒரு நாள் முழுக்க நிற்கிறார்கள். இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம். எனக்கு அதில்தான் வயிறு எரியும்.

பஸ் சாரதியையும் கொஞ்சம் நினையுங்கள், இது என் தொழில் என்றபடியால் சொல்லுகிறேன். நள்ளிரவு 12க்கு எடுத்த பஸ்ஸை அடுத்த நாள் நள்ளிரவு மட்டும் ஒரே ஆள் ஓட்டுகிறார். பகலில் பிள்ளைகள் மலை ஏறுகிற நேரம் பஸ்ஸுக்குள் சீட்டில் சரிந்து கிடப்பார், அதுவும் அந்த வெயிலில் தகரத்துக்குள் என்ன தூக்கம் வரும். திரும்பி வருகிறபோது வெலிக்கந்தை, புனானைப் பக்கம் இருட்டில் காடு. யானை றோட்டைக் கடக்கிற இடம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற சாரதி, சீட்டில் நிறையப் பிள்ளைகள், முன்னால் யானை, இதைப் பற்றிச் சுற்றுலாத் தாளில் ஒரு வரியும் இருக்காது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு நாள் என்றால் ஒரு ஊர். பொலன்னறுவை என்றால் பொலன்னறுவை மட்டும். சீகிரியா இன்னொரு வருசம் போகலாம், அது ஓடிவிடாது.

பொலன்னறுவையை ஏன் சொல்லுகிறேன் என்றால், கிட்ட இருக்கிறது என்பது ஒரு காரணம், அதைவிட முக்கியமானது அந்தப் பழைய நகரம் பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்கென்றே அமைந்தமாதிரி இருக்கிறது என்பது. அநுராதபுரம்போல நாலு திசைக்கும் பரவிக் கிடக்காது. தெற்கே அரண்மனையிலிருந்து வடக்கே திவங்க சிலைமனை மட்டும் சில கிலோமீட்டர் நீளத்துக்கு, ஏறத்தாழ ஒரே நேரான பாதை. பஸ் உள்ளே போகும். ஒரு கூட்டம் இடிபாட்டில் இறங்கி நடந்து பார்ப்பது, ஏறுவது, அடுத்ததில் இறங்குவது. பிள்ளை நடக்கவும் வேணும், நடந்து செத்துப் போகவும் கூடாது, அதற்குச் சரியான அளவு.

புறப்படுகிற நேரம் நள்ளிரவு வேண்டாம். மட்டக்களப்பு நகரத்திலிருந்து விடியச்சாமம் நாலரைக்கு எடுத்தால் போதும். கல்முனையில் இருந்து மூன்றரை போல, அக்கரைப்பற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னால். வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டிப் புனானையில் விடியும். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கிறபோது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். பக்கத்தில் ஒரு பழைய இரும்புப் பாலம் தெரியும், 2007இல் புதுப் பாலம் திறக்கும்வரைக்கும் ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பாலத்தால்தான் போனது, ரயில் வந்தால் கேட்டைப் பூட்டிவிட்டு வாகனம் எல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் வயதுக்காரருக்கு அது நல்ல ஞாபகம், கச்சான் விற்கிறவர்கள் யன்னலுக்கு யன்னல் வருவார்கள். அம்பாறை நகரப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் மகா ஓயா, அரலகங்வில வழியாக மன்னம்பிட்டிக்கு ஏறலாம், சாரதிக்குப் பழகிய பாதை என்றால்.

ஏழு மணிக்குப் பொலன்னறுவை. பக்கத்து நகரமான கதுருவெலவில் நிறுத்தி முகம் கழுவி, கொண்டுபோன பணிசையோ இடியப்பத்தையோ சாப்பிட்டுவிட்டு, கதவு திறக்கிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். திறக்கும் நேரம், கட்டணம், பாடசாலைக்கு என்ன சலுகை, இதெல்லாம் கடிதம் கொடுத்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள். வாசலில் போய் நின்று பேரம் பேசினால் ஒரு மணித்தியாலம் அங்கேயே போய்விடும், கண்டிருக்கிறேன்.

இனி எதை முதலில் பார்ப்பது? இதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. வாசலுக்குக் கிட்ட இருப்பது எது என்று பார்க்காதீர்கள், செருப்பைக் கழட்டுகிற இடம் எது என்று பாருங்கள். பதினொரு மணிக்குப் பிறகு அந்தக் கல்லிலும் மணலிலும் வெறுங்காலை வைக்க ஏலாது. ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் நம் ஊர்த் தார் றோட்டு எப்படிச் சுடும் என்று தெரியும்தானே, அதைவிட மோசம். ஆகவே வெறுங்கால் இடமெல்லாம் காலையில், செருப்புப் போட்டுப் பார்க்கிற இடமெல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. பழைய காலுறை ஒரு சோடி ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் இருக்கட்டும், அது பேருதவி.

அந்தக் கணக்குப்படி முதலில் தலதா மளுவ. ஒரு சின்ன மேடை நிலம், அதற்குள் அத்தனை கட்டடம். எல்லாப் பஸ்ஸும் வட்டதாகே என்கிற வட்டமான சிலைமனைக்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடும். தயவுசெய்து இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கொடுங்கள். வட்டதாகே படியடியில் இருக்கிற, மிருகங்கள் செதுக்கிய சந்திரவட்டக்கல்லைச் சுற்றிப் பிள்ளைகளை நிற்கவைத்து, எந்த மிருகம் இல்லை என்று கேளுங்கள். அநுராதபுரத்துக் கல்லில் இருக்கிற எருது இங்கே இல்லை. சைவர்கள் கும்பிடுகிற நந்தி காலில் மிதிபடக் கூடாது என்று விட்டுவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லுகிற விளக்கம். வரலாற்றுப் புத்தகத்தில் படம் பார்த்த பிள்ளை, தானாகக் கண்டுபிடிக்கிறபோது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அப்புறம் கல் பொத்த, அதாவது கல் புத்தகம். எட்டு மீற்றருக்கு மேல் நீளம், 25 தொன் என்கிறார்கள், மிகிந்தலையிலிருந்து இழுத்து வந்ததாக அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. அதை எழுதுவித்த அரசன் நிசங்கமல்லன், 1187இலிருந்து 1196 மட்டும் ஆண்டவன். ஒன்பது வருசத்தில் அவன் தன்னைப் பற்றி எழுதிவைத்த கல்வெட்டுகளைப் பார்த்தால், இப்போது மதகுக்கும் மலசலகூடத்துக்கும் பெயர்ப்பலகை நாட்டுகிறவர்களுக்கு முன்னோடி யார் என்று விளங்கும். (இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, அவர்களே சொல்லுவார்கள்.)

அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நெட்டைக் கல் நிற்கும். ஒரு பஸ்ஸும் அதனடியில் நிற்பதை நான் கண்டதில்லை, தமிழ்ப் பள்ளிக்கூடப் பஸ் உட்பட. அது தமிழ்க் கல்வெட்டு. வேளைக்காரப் படையின் கல்வெட்டு. முதலாம் விஜயபாகு சோழரை 1070இல் துரத்தி, புத்தரின் தந்தத்துக்கு இங்கே ஒரு கோயில் எழுப்புவித்தான். அவன் காலத்துக்குப் பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று தமிழ்ப் படையினர் கூடி, தமிழில் எழுதிவைத்த கல் அது. கோயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் "மூன்று கைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி". புத்த தந்தம், சிங்கள அரசன், காவலுக்குத் தமிழ்ப் படை. நம் வகுப்பறைகளில் வரலாறு என்றால் அவர்கள் வேறு நாங்கள் வேறு என்று கோடு போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு கல்லின் முன்னால் பத்து நிமிடம் கொடுத்தால், ஒரு தவணைப் பாடத்துக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். பழைய எழுத்து, எல்லாம் வாசிக்க வராது. ஒரு எழுத்தையாவது அடையாளம் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இரண்டாம் சிவாலயம், பஸ்ஸில் ஏறினால் சில நிமிடம். முழுக்கக் கருங்கல், மேலே விமானம் வரைக்கும் கல்தான். 993இல் இராஜராஜனின் படை வந்த பிறகு, சோழர் பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட காலத்துக் கோயில். வானவன் மாதேவி ஈச்சரம் என்று பெயர், இராஜராஜனின் அரசியின் பெயரால். சுவரில் தமிழ் எழுத்து இருக்கிறது, இது கையால் தொடுகிற உயரத்தில் (தொடவேண்டாம் என்று சொல்லுங்கள், எண்ணெய் பட்டால் கல் கெட்டுப்போகும்). அக்கம்பக்கத்துச் சனம் இன்றைக்கும் உள்ளே பூ வைத்துவிட்டுப் போகிறது. சுற்றிவரச் செங்கல்லில் கட்டிய அரசர்களின் மாளிகைகள் எல்லாம் அரைச் சுவரும் கால்ச் சுவருமாக நிற்க, இந்தச் சின்னக் கோயில் மட்டும் முழுசாக நிற்கிறது. தஞ்சாவூருக்குப் போக வசதி இல்லாத பிள்ளைக்குச் சோழர் கட்டடம் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறதென்று யாராவது சொல்லவேண்டாமா?

ரங்கொத் விகாரையைப் பஸ்ஸில் இருந்தே காட்டினாலும் போதும். லங்காதிலக்கவில் இறங்குங்கள், அந்த இரண்டு நெடுஞ்சுவருக்கு நடுவில் தலையில்லாமல் நிற்கிற புத்தரைக் கீழிருந்து பார்க்க வேணும். பிறகு கல் விகாரை. இங்கே நிதானம் வேணும். எல்லாரும் படுத்திருக்கிற சிலையின் முகத்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைக் கால் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பாதமும் நேராக இருக்காது, ஒரு பாதம் சற்றுப் பின்னுக்கு இழுத்திருக்கும். நித்திரை அல்ல, பரிநிர்வாணம் என்பதற்கு அந்தச் சின்ன வேறுபாட்டைத்தான் அடையாளமாகச் சொல்லுகிறார்கள். பிறகு தலைமாட்டுக்கு வாருங்கள். தலையணையைப் பார்க்கச் சொல்லுங்கள், தலை வைத்த இடத்தில் கல்லே பதிந்து பள்ளமாகிக் கிடக்கும், பஞ்சுத் தலையணை அமிழ்ந்தமாதிரி. கல்லின் கறுப்புக் கோடுகள் முகத்துக்குக் குறுக்காக ஓடுகிறதையும் பார்க்கலாம், அந்தக் கோடுகளையும் கணக்கில் எடுத்துத்தானே சிற்பி செதுக்கியிருப்பான்.

ஒரு விசயம், இதைப் பஸ்ஸிலேயே கண்டிப்பாகச் சொல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது, செல்பியும்தான். அங்கே அதைப் பெரிய அவமதிப்பாகப் பார்ப்பார்கள், பொலிஸ் மட்டும் போன கதைகள் இருக்கின்றன. நம் கோயிலுக்குள் யாராவது செருப்போடு வந்தால் எங்களுக்கு எப்படி? அப்படித்தான்.

அங்கிருந்து வடக்கே திவங்க சிலைமனை, உள்ளே நிழல், சுவரில் பழைய ஓவியம், பிளாஷ் அடிக்க விடமாட்டார்கள். அதோடு காலைப் பகுதி முடிந்தது.

வெயில் உச்சியில் நிற்கிற நேரம் பஸ்ஸைத் தெற்கே திருப்பி நூதனசாலைக்குக் கொண்டுவாருங்கள். வழக்கமாக அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவது இந்த நூதனசாலைதான், எனக்கு இது விளங்கவே இல்லை. கூரை இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது (பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற டீச்சர்மாருக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்), வட்டதாகேக்குக் கூரை இருந்த காலத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட பராக்கிரமபாகு காலத்து ஆஸ்பத்திரி இடிபாட்டில் எடுத்த கத்தரிக்கோல், சாவணம் முதலான வைத்தியக் கருவிகளும் அங்கே இருக்கின்றன. உயிரியல் படித்து டொக்டர் ஆகவேணும் என்று சொல்லுகிற பிள்ளை வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்களே, அவர்களை அந்தக் கண்ணாடிப் பெட்டியடியில் விடுங்கள். சிவாலயங்களில் கிடைத்த வெண்கல நடராசர், அம்மன் சிலைகளில் சிலதும் இங்கே, மற்றது கொழும்பில்.

சாப்பாடு பராக்கிரம சமுத்திரம் என்கிற பெருங்குளத்தின் அணைக்கட்டில், மரத்துக்குக் கீழே. இடிபாடுகளுக்குள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவேண்டாம், குரங்கு விடாது. பொலன்னறுவைக் குரங்குகளை 1968இலிருந்து ஆராய்ச்சிக்காரர் விடாமல் பின்தொடர்ந்து எழுதிக்கொண்டு வருகிறார்கள், உலகத்திலேயே நீண்ட குரங்கு ஆராய்ச்சிகளில் ஒன்று. அவ்வளவு படித்த குரங்குகள், பையின் சிப்பை இழுத்துத் திறக்கும். முஸ்லிம் பாடசாலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, கதுருவெலவில் பள்ளிவாசலும் இருக்கிறது, ஹலால் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது, லுஹருக்கு அங்கே போய்வர நேரம் விட்டு அட்டவணை போடுங்கள். வெள்ளிக்கிழமை எடுக்கவேண்டாம். போயா தினமும் வேண்டாம், நாடு முழுக்க வந்து நிற்கும்.

சமுத்திரக் கட்டில் இருக்கிறபோதே அம்பாறைப் பிள்ளைகளைக் கேளுங்கள், இங்கினியாகலையில் பார்த்த சேனாநாயக்க சமுத்திரத்துக்கும் இதற்கும் எத்தனை நூற்றாண்டு வித்தியாசம் என்று. அது 1950களை ஒட்டி யந்திரம் வைத்துக் கட்டியது. இது பன்னிரண்டாம் நூற்றாண்டு. கட்டு மட்டும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். இன்றைக்கும் இந்தத் தண்ணீரில் வயல் விளைகிறது. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை, மதகைக் காட்டினால் போதும்.

வெயில் தாழ்ந்த பிறகு அரண்மனை. இங்கே செருப்புப் போடலாம். ஏழு மாடி, ஆயிரம் அறை என்று பழைய நூல் சொல்லுகிறது, இப்போது மூன்று மாடி உயரத்துக்குச் சுவர் நிற்கிறது, மரத்தூண் ஏறிய ஓட்டைகளோடு. தீயில் உருகிக் கட்டிபிடித்த செங்கல் என்று வழிகாட்டிகள் ஒரு இடத்தைக் காட்டுவார்கள். இந்த இடத்தில்தான் மட்டக்களப்புக் கதையை நீங்கள் சொல்லவேணும், சிங்கள வழிகாட்டி சொல்லமாட்டார், அவருக்குத் தெரியாது. 1215இல் கலிங்கத்து மாகன் படையோடு வந்து இந்த நகரத்தைப் பிடித்தான். சூளவம்சம் என்கிற பழைய பாளி வரலாற்று நூலில் அவன் கொடியவன், விகாரைகளை இடித்தவன். அதே மாகனை மட்டக்களப்பின் பழைய ஏடுகள் மாகோன் என்கின்றன. நம் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்தத் தொழும்பு, யாருக்கு எந்த முறை என்று வகுத்தவன் அவன் என்று மரியாதையோடு சொல்லுகின்றன. திருவிழாவில் தன் குடிக்கு உரிய நாளன்று தகப்பனோடு போய் நிற்கிற பிள்ளை, அந்த முறையை வகுத்ததாகச் சொல்லுகிற அரசனின் படை எரித்ததாகச் சொல்லப்படுகிற சுவருக்கு முன்னால் நின்றால், வரலாறு என்பது இரண்டு பக்கத்தாரும் எழுதிவைத்த விசயம் என்று அதற்கு விளங்கத் தொடங்கும். இதைவிட நல்ல இடம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

நேரம் இருந்தால் பொத்குல் விகாரைப் பக்கத்துக் கற்சிலை. கையில் எதையோ ஏந்திக்கொண்டு நிற்கிற தாடிக்காரர். பராக்கிரமபாகு என்பார் சிலர், புலத்தியர் என்பார் சிலர், அகத்தியர் என்றும் சொல்லுகிறார்கள். முடிவு இல்லை. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது பிள்ளைகள் சண்டை பிடிக்க ஒரு விசயம் கிடைத்தமாதிரி இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் பஸ் எடுங்கள், அதற்குப் பிந்தவேண்டாம். பகல் வெளிச்சத்தில் புனானைக் காட்டைத் தாண்டிவிட வேணும்.

மாதம் பற்றி ஒரு சொல். மாரியில் வேண்டாம். மார்கழி, தை மழைக்கு மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகி றோட்டை மூடுவது புதிய விசயம் இல்லை. பெப்ரவரி கடைசி, மார்ச் நல்லது, சமுத்திரமும் நிறைந்திருக்கும், வெயிலும் கொல்லாது.

சின்ன வகுப்பு, காசு குறைந்த பள்ளிக்கூடம் என்றால் பஸ் பிடிக்கவும் தேவையில்லை. மட்டக்களப்பு ரயில் பொலன்னறுவையால்தான் போகிறது, ஸ்டேசன் கதுருவெலவில், அங்கிருந்து பழைய நகரத்துக்கு லைன் பஸ். போகிற நேரமும் திரும்புகிற ரயிலின் நேரமும் பொருந்துகிறதா என்று ஸ்டேசனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உயர்தரப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் என்றால் அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்து நாள் முழுக்கச் சுற்றலாம், வெள்ளைக்காரப் பொடியன்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தமிழில் விளக்க ஆள் இல்லையே என்று ஒரு குழுவினர் என்னிடம் சொன்னார்கள். உண்மைதான், தமிழ் பேசுகிற வழிகாட்டி கிடைப்பது கஷ்டம். ஆனால் உங்கள் பள்ளிக்கூடத்திலேயே வரலாற்று டீச்சர் இருக்கிறாரே. அவரைக் குழுவிலேயே சேர்ப்பதில்லை, குழுவில் இருப்பது விளையாட்டு சேரும் பொருளாளரும். டீச்சரை ஒரு நாள் முன்கூட்டியே அனுப்பிப் பார்த்துவரச் செய்யுங்கள், செலவைச் சங்கம் கொடுக்கட்டும். என் வான் காலியாகப் போகிற நாளில் ஏற்றிக்கொண்டு போக நான் தயார், டீசல் காசும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கட்டடத்தைப் பிரித்துக் கொடுங்கள், அந்த இடம் வந்ததும் அந்தப் பிள்ளை இரண்டு நிமிடம் பேசட்டும். பஸ்ஸில் பாட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, போகும்போது மன்னம்பிட்டிப் பாலம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தால் சரி.

அடுத்த கூட்டத்தில் யாராவது எழும்பி "ஒரு இடத்துக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டால், சீகிரியாவை வெட்டினதால் டீசலிலும் நுழைவுச் சீட்டிலும் மிஞ்சுகிற தொகையைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்த மிச்சத்தில், காசு கட்ட ஏலாமல் வீட்டில் நிற்கப்போகிற பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றலாம். வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் அப்படி இருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பாசிக்குடா றோட்டில் வான் ஓட்டுகிற ஒரு தகப்பன்